நப்லுஸ்காரரின் சவர்க்காரப் பட்டறை

என் மனைவியை அவளுடைய அண்ணன் வீட்டுக்கு ஒரேயடியாக அனுப்பிவிடுவது என்று நான் முடிவு கட்டியிருந்த மாசி மாதத்தில்தான் அவளைச் சவர்க்காரப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. ஸ்காபரோவில் ஒன்பதாம் மாடியில் ஓர் அறை வீடு. அவள் கனடாவுக்கு வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. அதற்கு முந்திய ஏழு வருடமும் நான் இங்கே, அவள் யாழ்ப்பாணத்தில். சேர்ந்திருந்த பத்து மாதத்தைவிடப் பிரிந்திருந்த ஏழு வருடத்தில்தான் நாங்கள் அதிகம் பேசியிருப்போம். அப்போது கடிதமாவது இருந்தது.

காரணத்தை மறைக்கப் போவதில்லை. என் அம்மா செத்தபோது இவள் வீட்டில் இல்லை. யாழ்ப்பாணத்தில் ரெலிபோன் இல்லாத காலம்; தொண்ணூற்றுநாலில் ரெலிபோனில் என்னோடு பேசவென்று வவுனியாவுக்குப் போனாள். நாலைந்து நாளில் திரும்பியிருக்க வேண்டியவள் பதினோராம் நாள்தான் வீடு திரும்பினாள். அதற்கிடையில் அம்மா காய்ச்சலில் போய், அயலட்டைச் சனம் எல்லாக் காரியத்தையும் முடித்து, வீட்டைக் கழுவியும் விட்டிருந்தது. சித்தப்பா எழுதிய கடிதத்தில் ஒரு வரி இருந்தது: 'உம்முடைய மனைவி அந்த நேரம் பக்கத்தில் இல்லை.' அந்த வரியை நான் மூன்று வருடம் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன் என்றால் மிகையில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ளவென்றே அவளை விட்டுவிட்டு வந்தேன் என்பது என் வாதம். விட்டுவிட்டு ஓடிவந்தவனுக்கு வாதம் என்ன வாதம் என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு என்னிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் கையை ஓங்கியிருப்பேன்.

அவளுடைய அண்ணன் பிக்கரிங்கில் புது வீடு வாங்கியிருந்தார். நிலக்கீழ் அறை சும்மா கிடக்கிறது, தங்கச்சி வந்து இருக்கட்டும் என்று அவரே இரண்டு முறை சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்து எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்த எவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். எனக்கு ஒரே தயக்கம், சனம் என்ன சொல்லும் என்பது. இங்கிலீஷும் தெரியாத, வேலையும் இல்லாத பெண்ணை மனுசன் வீட்டைவிட்டுத் துரத்திவிட்டான் என்று கோயிலில் வைத்துப் பேசுவார்கள். ஒரு வேலையோடு அனுப்பினால் அந்தப் பேச்சு வராது. ஆகவே அவளுக்கு நான் வேலை தேடினேன். என் நல்லெண்ணத்தின் லட்சணம் இதுதான்.

பட்டறை எனக்கு எப்படிப் பழக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது நான் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையின் வான் ஓட்டிக்கொண்டிருந்தேன். குளிர்காலத்தில் எங்கள் பிள்ளைகளின் தோல் வெடித்துச் சொறியாகப் போவதைப் பார்த்து, யாரோ ஒரு டாக்டர் ஒலிவ் எண்ணெய்ச் சவர்க்காரம் போடச் சொன்னார். அவ்வளவுதான், ஸ்காபரோத் தாய்மார் எல்லோரும் கடையில் வந்து அதைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். முதலாளி விசாரித்து ஒரு விலாசத்தைக் கையில் தந்து, போய் இரண்டு பெட்டி ஏற்றிக்கொண்டு வா என்றார். தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெரு. ஒரு பக்கம் கார் திருத்தும் கராஜ், மற்றப் பக்கம் கம்பளக் கடை, நடுவில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு இரும்புக் கதவு. தட்டினேன்.

கதவைத் திறந்தவர் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். காலில் சப்பாத்து இல்லை, தடித்த கம்பளிக் காலுறை மட்டும். முழங்கைவரை மடித்த சட்டை. பலஸ்தீனத்தில் நப்லுஸ் என்ற நகரம் அவருடைய ஊர். அங்கே தகப்பனுக்குச் சவர்க்காரத் தொழிற்சாலை இருந்ததாம். பிறகு குவைத்துக்குப் போய், குவைத்திலிருந்தும் கிளப்பப்பட்டு இங்கே வந்து சேர்ந்தவர். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, நீ எந்த ஊர் என்பது. ஜஃப்னா என்றேன்.

அவருடைய கண் கலங்கிவிட்டது. "ஜாஃபா! என் அம்மாவின் ஊர்!" என்று என்னை இழுத்துக் கட்டிப்பிடித்தார். யாஃபா என்று அவர்கள் சொல்லுகிற கடற்கரைப் பட்டினம் ஒன்று அங்கே இருக்கிறது, இங்கிலீஷில் அதற்கு ஜாஃபா என்று பெயர். என் நிறத்தைப் பார்த்தும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. தாயின் ஊர்க்காரன் எந்த நிறத்தில் இருந்தால் என்ன? நான் அவருடைய தோளுக்குள் முகம் நசுங்கியபடி, "ஜஃப்னா, நடுவில் 'ன' இருக்கிறது, சிறிலங்கா" என்றேன். கை மெல்லத் தளர்ந்தது. தேயிலை நாட்டுக்காரனா என்று கேட்டார். எங்கள் ஊரில் தேயிலை இல்லை என்றேன். அந்த 'ன'வை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஆனாலும் இரண்டு பெட்டி தந்தார், தேத்தண்ணியும் தந்தார்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு தரம் போனேன். போனால் ஒரு மணித்தியாலம் நிற்பேன். ஏன் நின்றேன் என்று இப்போது யோசித்தால், அது ஸ்காபரோவிலேயே நல்ல சூடான இடம், அதோடு வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒருத்தி இருந்தாள். முகத்தைத் தூக்கி வைத்திருந்தது நான்தான் என்பது வேறு விஷயம்.

பெரிய கொதிகலனில் ஒலிவ் எண்ணெயும் காரநீரும் நாட்கணக்கில் வேகும். நீண்ட துடுப்பால் அவருடைய மருமகன்மார் இருவர் மாறிமாறிக் கிண்டுவார்கள். அவர்கள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. வெந்துவிட்டதா என்று பார்ப்பது கிழவரின் வேலை. துடுப்பின் நுனியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஊதி, முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஒருநாள் என்னையும் வைக்கச் சொன்னார். வைத்தேன். இரண்டு நாள் சோறு ருசிக்கவில்லை. "இன்னும் வேகவில்லை, பார்த்தாயா?" என்றார். அவருக்குத் தெரிந்துதான் என் நாக்கில் வைத்திருக்கிறார்.

வெந்ததும் வாளி வாளியாக அள்ளிக்கொண்டு போய் நிலத்திலேயே ஊற்றுவார்கள். ஆம், நிலத்தில்தான். சீமெந்துத் தரையில் கடுதாசி விரித்து, ஓரத்துக்குப் பலகை வைத்து, ஒரு வகுப்பறை அளவு இடத்தில் மூன்று விரல் உயரத்துக்குச் சவர்க்காரம் பரவி நிற்கும். அது இறுகும்வரை அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. இறுகிய பிறகு மேற்பரப்பைச் சீவி, சிவப்புச் சாயம் தோய்த்த நூலை இரு பக்கமும் இழுத்துப் பிடித்து விட்டால் நேர்க்கோடு விழும். தச்சுவேலைக்காரர் பலகையில் நூல் அடிப்பார்களே, அதே மாதிரி. கோட்டின் மேல் கத்தியை இழுப்பார்கள். பிறகு கிழவர் இரண்டு கையிலும் இரண்டு முத்திரைக் கட்டையை எடுத்துக்கொண்டு குனிந்தபடியே நடந்து, ஒவ்வொரு கட்டியின் தலையிலும் டக் டக்கென்று அடித்துக்கொண்டு போவார். ஒரு கட்டி தப்பாது. அந்த வயதில் அவருடைய முதுகைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

கடைசியில் கட்டிகளை வட்டம் வட்டமாக, காற்றுப் புக இடைவெளி விட்டு, மேலே போகப் போக ஒடுங்கும்படி அடுக்குவார்கள். நடுவில் ஒன்றுமில்லை, வெறும் கூடு. ஆளுயரத்துக்கும் மேலே போகும். மாதக்கணக்கில் அப்படியே நின்று காயும். நப்லுஸில் இதைப்போல மூன்று மடங்கு உயரமாம். நப்லுஸில் எல்லாமே மூன்று மடங்குதான். இங்கத்தைத் தண்ணீர் சரியில்லை, காற்றுச் சரியில்லை, எண்ணெய் சரியில்லை, மருமகன்மார் சரியில்லை. கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வரும்.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்களுக்குள் ஒரு போட்டி வந்துவிட்டது. யாருடைய ஊர் அதிகம் நாசமாய்ப் போனது என்ற போட்டி. அவர் ஊரடங்குச் சட்டம் என்றால் நான் விமானத்தாக்குதல் என்பேன். அவர் ஒலிவ் மரங்களை வெட்டினார்கள் என்றால் நான் பனைமரங்களைத் தறித்தார்கள் என்பேன். அவர் தன் தாயின் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள் என்றால் நான் எங்கள் வீட்டுக்குக் கூரையே இல்லை என்பேன். வெட்கம் கெட்ட விளையாட்டு. இருவருக்கும் அது தெரியும், இருவரும் விடவில்லை. பெரும்பாலும் அவர்தான் வெல்வார், அவருக்கு நாற்பது ஐம்பது வருடக் கணக்கு இருந்தது.

ஒருநாள் நான் வென்றேன். எங்கள் ஊருக்குச் சவர்க்காரம் கொண்டுபோகவே அரசாங்கத் தடை இருந்தது என்று சொன்னேன். கையில் இருந்த தேத்தண்ணிக் கிளாசை அவர் கீழே வைத்துவிட்டார். "சவர்க்காரத்துக்கா?" என்று இரண்டு தரம் கேட்டார். பெற்றோல், பற்றரி, மருந்து, சவர்க்காரம் என்று பட்டியலைச் சொன்னேன். சனம் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்ததையும், கொடியில் காயப்போட்ட சேலையைப் பழவாசத்துக்கு மாடு வந்து சப்பியதையும் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் போலிருக்கிறது, மருமகன்மார் கூடத் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அந்தக் காலத்தில் நான் யாழ்ப்பாணத்திலேயே இல்லை. ஸ்காபரோவில் மணக்க மணக்கக் குளித்துக்கொண்டிருந்தேன். கடிதத்தில் வாசித்ததை என் மேலுக்கு வந்த கஷ்டம் போல விற்றேன்.

கிழவர் லேசுப்பட்டவர் இல்லை. "நீ அங்கே இருந்தாயா?" என்றார்.

"என் மனைவி இருந்தாள்."

"அவளை இங்கே அழைத்து வா. சவர்க்காரம் சுற்றுகிற வேலை இருக்கிறது. கடுதாசியில் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். சவர்க்காரம் இல்லாமல் இருந்தவளுடைய கை அதை மதிக்கும். இவன்கள் உருளைக்கிழங்கு மாதிரிப் பிடிக்கிறான்கள்."

தேடிய வேலை தானாகவே வந்து விழுந்தது. பிக்கரிங்கிலிருந்து பட்டறைக்கு வர பஸ் எத்தனை மாற வேண்டும் என்றுகூட அன்றைக்கே விசாரித்து வைத்தேன்.

வீட்டில் அவளிடம் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை காலையில் நீலச் சேலையும் அதன் மேல் அண்ணன் வாங்கிக் கொடுத்த குளிர்ச்சட்டையுமாக வந்து வானில் ஏறினாள். வழி முழுக்க இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வேலை சரிவந்தால் அண்ணை வீட்டிலிருந்தே வந்துபோகலாம் என்று நான் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்ட திருப்தி எனக்கு. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, "ஓம்" என்றாள்.

பட்டறைக்குள் முதல்நாள் ஊற்றிய சவர்க்காரம் நிலம் முழுக்கப் பரவி, இன்னும் முழுதாக இறுகாமல் பச்சை கலந்த வெண்மையாகக் கிடந்தது. அவள் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு ஓரப் பலகைக்குக் கிட்ட வந்து நின்றாள்.

"இவ்வளவும் சவர்க்காரமோ?" என்றாள்.

அந்தக் கிழமையில் அவள் என்னிடம் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. "ஓம், இவ்வளவும்தான்" என்றேன். என்னையறியாமல் எனக்கும் ஒரு பெருமை வந்தது, நானே ஊற்றியது போல.

கிழவர் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். அடுக்கிக் காயவைத்த சவர்க்காரக் கோபுரங்களைச் சுற்றிக் காட்டினார். அவருடைய இங்கிலீஷை நான் தமிழாக்கினேன், அவள் தலையாட்டினாள். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, அரபு படிப்பிக்கிறேன் என்று சொல்லிச் சிரித்தார். ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து நன்றாகக் காய்ந்த கட்டி ஒன்றை எடுத்தார். அதை அவளுடைய முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் பிடித்து, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி அழுத்தமாகச் சொன்னார்:

"ஸாபூன்."

அவளுடைய முகத்தில் இருந்த கொஞ்ச வெளிச்சமும் போய்விட்டது. கண் அவரைப் பார்க்கவில்லை, கட்டியை மட்டும் பார்த்தது. இரண்டு கையும் உடம்பைவிட்டு விலகி, உள்ளங்கை தெரிய விரிந்து நின்றது.

விளங்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். பாஷை தெரியாதவர்களிடம் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார், சத்தத்தைக் கூட்டினார். "ஸாபூன்! ஸாபூன்!"

"நே மாத்தையா" என்றாள் அவள். "சபன் நே. நே மாத்தையா."

சிங்களம். இல்லை ஐயா, சவர்க்காரம் இல்லை என்கிறாள். சவர்க்காரத்துக்கு அரபில் ஸாபூன், சிங்களத்தில் சபன் என்று பெயர். ஸ்காபரோவில், சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பலஸ்தீனக் கிழவருக்கு என் மனைவி சிங்களத்தில் பதில் சொல்லுகிறாள். சொல்லிக்கொண்டே பின்னுக்குப் போனாள். நான் பிடிக்க முந்தி ஓரப் பலகையைத் தாண்டி, இறுகாத சவர்க்காரத்துக்குள் இரண்டு காலும் புதைய நின்றாள்.

மருமகன்மாரில் ஒருவர் அரபில் கத்தினார். கிழவர் கையை உயர்த்தி அவரை அடக்கினார். கட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, "இது உங்களுடைய பாஷை இல்லையே" என்றார்.

"அவளுக்குச் சுகமில்லை" என்று பொய் சொன்னேன்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. விரிந்திருந்த அவளுடைய கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எந்தச் சோதனைச் சாவடி?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"நீ கேட்கவில்லையா?"

அந்த மனுசனுக்கு அவளைத் தெரிந்து கால் மணித்தியாலம் ஆகவில்லை. எனக்கு அவளைத் தெரிந்து பன்னிரண்டு வருடம். அந்தக் கைகள் ஏன் அப்படி நிற்கின்றன என்று அவருக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. எனக்கு அவர்மேல்தான் முதலில் கோபம் வந்தது. அவமானப்பட்டால் எனக்குக் கோபம்தான் வரும், அது என் பிறவிக்குணம். பழுதாய்ப்போன சவர்க்காரத்துக்கு மன்னிப்புக் கூடக் கேட்காமல் அவளுடைய கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் வான்வரை அவளுடைய சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, குனிந்து, வானின் படியில் வைத்துவிட்டுப் போனார்.

வானுக்குள் ஹீற்றரைப் போட்டுவிட்டு இருந்தோம். அவள் காலுறையில் அப்பியிருந்த சவர்க்காரத்தை நகத்தால் வழித்து ஒரு கடுதாசித் துண்டில் சேர்த்துக்கொண்டிருந்தாள். எனக்கென்று ஒரு கேள்வி வராதபடியால் கிழவர் கேட்டதையே கேட்டேன்.

"எந்தச் சாவடி?"

"வவுனியாவிலையிருந்து திரும்பி வரேக்கை."

"எப்ப?"

"மாமி சாகேக்கை."

நான் ஹீற்றரை இன்னும் கூட்டினேன். பிறகு அவளே சொன்னாள். ஏசுகிற குரலில் இல்லை, கடைக்குப் போய் என்ன வாங்கி வந்தாள் என்று சொல்லுவதுபோல.

"நீங்கள்தானே ரெலிபோனிலை சொன்னனீங்கள், அம்மா நல்ல சவர்க்காரம் இல்லாமல் இருக்கமாட்டா, மூண்டு கட்டி வாங்கிக் கோதம்பமாவுக்கை புதைச்சுக்கொண்டு போம், ஆர் கிண்டிப் பாக்கப்போறான் எண்டு. நான் வாங்கிப் புதைச்சன். அவன் கிண்டிப் பாத்தான்."

எனக்கு அது நினைவிருந்தது. நன்றாகவே நினைவிருந்தது. அந்த யோசனையை அடுத்தநாள் கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆமிக்காரனுக்கு மாவைப் பார்த்தால் ரொட்டி மட்டும்தான் ஞாபகம் வரும் என்று நான் சொல்ல, முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

"சவர்க்காரத்துக்கோ ஏழு நாள் மறிச்சவங்கள்?" என்றேன்.

"சவர்க்காரத்துக்கு இல்லை, ஒளிச்சதுக்கு. வெளியிலை வைச்சிருந்தால் பறிச்சுப்போட்டு விட்டிருப்பாங்கள். எனக்கு முன்னாலை நிண்ட மனுசியிட்டை அப்பிடித்தான் பறிச்சவங்கள், அவ போயிட்டா. நான் ஒளிச்சபடியால், வேறை என்ன ஒளிச்சு வைச்சிருக்கிறாய், ஆருக்குக் கொண்டுபோறாய் எண்டு கேள்வி. அவங்கள் கதைக்கிறது எனக்கு விளங்கேல்லை. அந்த ஒரு சொல்லுத்தான் விளங்கினது. முகத்துக்கு நேரை பிடிச்சுக்கொண்டு சபன், சபன், சபன் எண்டு."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவள் கடுதாசியைச் சின்னப் பொட்டலமாக மடித்தாள்.

"நீங்கள் கேக்கேல்லை. ஏசினியள்."

உண்மைதான். இங்கே வருவதற்காகக் கொழும்புக்கு வந்து அவள் ரெலிபோன் எடுத்த முதல்நாளே 'நீர் என்ன பொம்பிளை' என்றுதான் தொடங்கினேன். அதற்குப் பிறகு பத்து மாதம் ஒரே வீட்டில் இருந்தும் அந்த வாக்கியத்தைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆறுதல் சொல்லுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "சரி விடும், சவர்க்காரம் போனாப் போகுது" என்றேன்.

அப்போதுதான் அவள் என் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"மாமி சவர்க்காரம் கேட்டவவோ? அவ காய்ச்சலோடை கிடந்தவ. விட்டு விட்டுக் குளிர்காய்ச்சல். ஆஸ்பத்திரியிலை மலேரியாக் குளிசை முடிஞ்சுபோச்சு, வவுனியாவிலைதான் இருக்குது எண்டு டொக்டர் சொன்னவர். அதுக்குத்தான் நான் வெளிக்கிட்டனான். உங்களோடை கதைக்கிறதுக்கு இல்லை. ரெலிபோனிலை முதல் சொன்னதே அதுதான்."

சொல்லியிருப்பாள். எனக்கு ஞாபகமில்லை. சத்தியமாக ஞாபகமில்லை. அன்றைக்கு லைன் கரகரத்துக்கொண்டிருந்தது, நான் சத்தம் போட்டுப் பேசினேன், ஸ்பொன்சர் கடுதாசியைப் பற்றியும் இங்கத்தைக் குளிரைப் பற்றியும் சவர்க்காரத்தைப் பற்றியும் பேசினேன். அவள் பேசியது எதுவுமே என்னிடம் இல்லை.

"குளிசை வாங்கினனீரோ?" என்று கேட்டேன்.

"வாங்கினன்."

அவள் பொட்டலத்தைக் குளிர்ச்சட்டைப் பைக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள்.

"பாவாடைக் கரை மடிப்புக்கை வைச்சுத் தைச்சிருந்தன். மூண்டு இடத்திலை தடவிப் பாத்தும் அம்பிடேல்லை. சவர்க்காரம் பிடிபட்ட பிறகுதான் உடுப்பைக் கழட்டச் சொன்னவங்கள், குளிசையும் போச்சு."

அவள் பிக்கரிங்கிற்குப் போகவில்லை. அன்றைக்கும் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை. போயிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.